போனுக்குள் ஒரு புது ஐசி: பற்றவைத்தால் மட்டும் போதுமா?

2016 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஐபோன் 7ஐ வெளியிட்டபோது அதில் ஹெட்போன் ஜாக் இல்லை. 3.5 மி.மீ. அளவுள்ள அந்த வட்டத் துளையை எடுத்துவிட்டு, சார்ஜ் போடும் லைட்னிங் துளையில் செருகிக்கொள்ள ஒரு குட்டி அடாப்டரைப் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தார்கள். போனைப் பிரித்துப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். முன்பு ஜாக் இருந்த மூலையில் ஒரு பிளாஸ்டிக் துண்டு உட்கார்ந்திருந்தது. தண்ணீர் புகாதபடி மூடிய போனுக்குள் காற்றழுத்தமானி சரியாக வேலை செய்வதற்கு அந்தத் துண்டு தேவைப்படுகிறது என்று ஆப்பிள் விளக்கம் சொன்னது.

அந்த மூலையில் திரும்பவும் ஒரு ஜாக்கை வைத்துவிட முடியாதா என்று கேட்டவர் ஸ்காட்டி ஆலன். அமெரிக்க மென்பொருள் பொறியாளர். சீனாவின் ஷென்சென் நகரில், ஹுவாச்சியாங்பெய் மின்னணுச் சந்தையில் கடை கடையாக ஏறி இறங்கிப் பாகங்களை வாங்கி, ஓர் ஐபோன் 6எஸ்ஸையே முழுதாகக் கூட்டிக் காட்டியவர். 2017 செப்டம்பரில், ஜாக் உள்ள ஐபோன் 7 ஒன்றை வீடியோவில் காட்டினார். அதில் ஹெட்போனைச் செருகினால் பாட்டுக் கேட்டது. அதற்கு அவருக்கு ஏறத்தாழ நாலு மாதம் ஆயிற்று. வழியில் பல திரைகள் உடைந்தன, போன்களும் வீணாயின.

ஒரு ஜாக், சில ஒயர்கள், ஒரு சால்டரிங் அயர்ன். இதற்கு எதற்கு நாலு மாதம்? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால், போனுக்குள் கூடுதலாக ஒரு சிப்பை வைப்பது என்றால் என்ன என்பது பாதிக்கு மேல் புரிந்துவிடும். எலக்ட்ரானிக்ஸ் படிக்காதவர்களும் புரிந்துகொள்ளக்கூடிய விஷயம்தான். பள்ளி இயற்பியலில் மின்னழுத்தம், மின்னோட்டம் என்ற இரண்டு சொற்களைக் கேட்டிருந்தால் போதும்.

சிப் என்பதை நம்மூர் போன் ரிப்பேர் கடைகளில் ஐசி என்பார்கள். 'சார்ஜிங் ஐசி போயிருக்கு', 'ஆடியோ ஐசி மாத்தணும்' என்று கேட்டிருப்பீர்கள். இந்தக் கட்டுரையிலும் அந்தச் சொல்லையே வைத்துக்கொள்கிறேன்.

ஒரு ஐசிக்கு என்னென்ன தேவை?

போனின் போர்டில், அதாவது பாகங்களை எல்லாம் சுமக்கும் சர்க்யூட் பலகையில், பெரியதும் சிறியதுமாகப் பல ஐசிகள் இருக்கும். நடுவில் பிராசசர். பக்கத்தில் மெமரி. மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் பவர் ஐசி. ஒலிக்கு ஒன்று, சார்ஜுக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் அடிப்படையான தேவைகள் மூன்று: மின்சாரம் வரும் வழி, மின்சாரம் திரும்பும் வழி, மற்ற ஐசிகளோடு பேசும் வழி. திரும்பும் வழியை கிரவுண்ட் என்பார்கள்.

முதல் இரண்டு மட்டுமே தேவைப்படும் வேலைகளும் உண்டு. தொடங்குபவர்களுக்கு அவைதான் சுலபம். பாம் என்ற அமெரிக்க நிறுவனம் 2009இல் தன் பிரீ போனுக்கு டச்ஸ்டோன் என்ற வயர்லெஸ் சார்ஜரைக் கொண்டுவந்தது. அந்தப் போனின் பின்மூடிக்குள் ஒரு செம்புச் சுருளும் சின்ன சர்க்யூட்டும் இருந்தன. பிற்பாடு, 2012 வாக்கில், ஆர்வலர்கள் சிலர் அந்தச் சுருளைப் பிரித்தெடுத்து சாம்சங் கேலக்ஸி எஸ்3 போனின் பின்மூடிக்குள் ஒட்டி, இரண்டே ஒயரைப் பற்றவைத்து, வயர்லெஸ் சார்ஜ் ஏறாத போனை ஏறும் போனாக மாற்றினார்கள்.

இது எப்படி வேலை செய்கிறது? சார்ஜர் மேடையில் மாறும் காந்தப்புலம் உண்டாகிறது. அது போனுக்குள் இருக்கும் சுருளில் மின்சாரத்தைத் தூண்டுகிறது. பக்கத்தில் இருக்கும் ரிசீவர் சர்க்யூட் அதைச் சீராக்கி 5 வோல்ட்டாகக் கொடுக்கிறது. யுஎஸ்பி கேபிளில் வருவதும் அதே 5 வோல்ட்தான். ஆகவே அந்த 5 வோல்ட்டை யுஎஸ்பி துளையின் மின்வழியிலும் கிரவுண்டிலும் சேர்த்துவிட்டால், கேபிள் செருகியதாகவே போன் எடுத்துக்கொள்கிறது. போனுக்குள் புதிதாக ஒரு ஐசி வந்திருப்பதே பிராசசருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. வயர்லெஸ் மேடையில் போன் இருக்கும்போதே யாராவது கேபிளையும் செருகினால்? இரண்டு பக்கமும் 5 வோல்ட். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குள் மின்சாரம் தப்பான திசையில் போய் ரிசீவரைக் கெடுத்துவிடலாம். அதைத் தடுக்க ஒருவழிப் பாதையாக ஒரு டயோடு வைப்பார்கள். போனில் கை வைப்பவர்கள் இந்தப் பழக்கத்தை முதலிலேயே பிடித்துக்கொள்ள வேண்டும்: நான் இணைக்கும் இந்த ஒயர் வேறு எங்கெல்லாம் போகிறது, அங்கே வேறு யார் மின்சாரம் தருகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பது.

பேச வேண்டிய ஐசி

கடினம் தொடங்குவது மூன்றாவது தேவையில். பிராசசரோடு பேசியாக வேண்டிய ஒரு ஐசியைப் புதிதாக வைக்கிறோம் என்று கொள்வோம். வெப்பத்தை அளக்கும் சென்சார் ஒன்று என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பிரச்சினை, எந்தக் குரலில் பேசுவது. டிஜிட்டல் ஐசிகள் ஒன்று, பூஜ்யம் என்று பேசுகின்றன. ஒன்று என்பது எத்தனை வோல்ட் என்பதில்தான் வேறுபாடு. பொழுதுபோக்காக எலக்ட்ரானிக்ஸ் செய்பவர்கள் வாங்கும் மாட்யூல்கள் பெரும்பாலும் 5 வோல்ட்டிலோ 3.3 வோல்ட்டிலோ பேசும். இன்றைய போன் போர்டில் 1.8 வோல்ட் என்பது வெகு சாதாரணம். ஐசியை போர்டோடு இணைக்கும் உலோக முனையைக் கால் என்பார்கள். 1.8க்காகச் செய்த பிராசசர் காலில் 5 வோல்ட்டைக் கொடுத்தால் அந்தக் கால் கருகிப்போகலாம், அதோடு பிராசசரும் போகும். நடுவில் அழுத்தத்தை மாற்றிக் கொடுக்கும் இன்னொரு சின்ன ஐசி வேண்டியிருக்கும். ஒன்றை வைக்கப் போய் இரண்டை வைக்க வேண்டி வருவது இந்த வேலையில் அடிக்கடி நடக்கும்.

அடுத்தது முகவரி. போனுக்குள் சின்னச் சின்ன ஐசிகள் பேசிக்கொள்ளும் வழிகளில் மிகப் பரவலான ஒன்று ஐ2சி. 1980களின் தொடக்கத்தில் பிலிப்ஸ் நிறுவனம் உருவாக்கியது. இரண்டே கம்பி: ஒன்றில் செய்தி போகும், மற்றொன்றில் தாளம் போகும். ஒரே இரட்டைக் கம்பியில் பல ஐசிகள் தொங்கலாம். யாரைக் கூப்பிடுகிறோம் என்பதற்கு ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. வழக்கமான முறையில் 128 எண்கள். அதில் 16 ஒதுக்கப்பட்டவை, மீதி 112. ஏற்கெனவே அங்கே இருக்கும் ஓர் ஐசியின் எண்ணும் நாம் புதிதாக வைக்கும் ஐசியின் எண்ணும் ஒன்றாகிவிட்டால் ஒரு கூப்பிடுதலுக்கு இருவரும் பதில் சொல்வார்கள். ஒரே தெருவில் ஒரே கதவிலக்கம் இரண்டு வீட்டுக்கு இருந்தால் தபால்காரர் படும் பாடுதான். நம் புது ஐசி வேலை செய்யாதது போதாது என்று, முன்பு நன்றாக இருந்த பழைய ஐசியும் வேலை செய்யாமல் போகும்.

அப்புறம் மின்சாரக் கணக்கு. புது ஐசி எப்போதும் விழித்திருந்து 10 மில்லியாம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். பார்க்கச் சின்ன எண். ஒரு நாளுக்கு 240 மில்லியாம்பியர்-மணி. ஐபோன் 7இன் பேட்டரி மொத்தமே 1960. நீங்கள் போனைத் தொடாவிட்டாலும் எட்டில் ஒரு பங்கு தினமும் கரைந்துவிடும். அதனால், திரை அணையும்போது தானும் அணையும் மின்வழி எது என்று தேடி, புது ஐசியை அதில் இணைக்கப் பார்ப்பார்கள்.

இதோடு சேர்ந்த ஒன்று, ஐசிக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டிய, மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெபாசிட்டர். வழக்கமாக 0.1 மைக்ரோஃபாரட். ஐசி சில நொடித்துளிகளுக்குத் திடீரென்று நிறைய மின்சாரம் கேட்கும். தூரத்தில் இருக்கும் பவர் ஐசியிலிருந்து அது வந்து சேர்வதற்குள் அழுத்தம் சரிந்துவிடும். தெருக்குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வரும் வீட்டில் அடுப்படியில் ஒரு குடம் நிரப்பி வைப்பதில்லையா, அதே வேலையைத்தான் கெபாசிட்டர் செய்கிறது. குடம் அடுப்படியில் இருக்க வேண்டும், வாசலில் இருந்து பயனில்லை. நீள ஒயரின் அந்தக் கோடியில் கெபாசிட்டரை வைத்துவிட்டு, 'எல்லாம் சரியாகத்தானே வைத்தேன், ஏன் நின்று நின்று வேலை செய்கிறது' என்று குழம்பியவர்கள் பலர். நானும் ஒரு வாரம் அப்படிக் குழம்பியிருக்கிறேன்.

இவ்வளவும் சரியாக அமைந்தாலும் ஒன்று பாக்கி இருக்கிறது. புதிதாக வந்தவர் யார், அவரிடம் என்ன கேட்க வேண்டும், அவர் சொல்லும் பதிலுக்கு என்ன பொருள் என்று போனின் மென்பொருளுக்குத் தெரிய வேண்டும். இதைச் சொல்லிக் கொடுக்கும் நிரல்தான் டிரைவர். ஆண்ட்ராய்டு போனில் மென்பொருளின் அடித்தளமான லினக்ஸ் கெர்னலின் மூலநிரல் கிடைத்தால், அதில் டிரைவரைச் சேர்த்து, எந்தக் கம்பியில் எந்த எண்ணில் இருக்கிறது என்று எழுதி, மறுபடி போனில் ஏற்றலாம். சிரமமான வேலைதான், ஆனாலும் வழி இருக்கிறது. ஐபோனில் அந்த வாசல் பூட்டியிருக்கிறது. ஆப்பிளின் மென்பொருளுக்குள் நாம் ஒரு டிரைவரைக் கொண்டுபோய் வைக்க முடியாது.

அப்படியானால் ஆலன் என்ன செய்தார்?

தெரிந்த ஆளை உள்ளே அழைத்தல்

அவர் புதிய ஆள் யாரையும் ஐபோனுக்கு அறிமுகப்படுத்தவே இல்லை. ஐபோனுக்கு ஏற்கெனவே தெரிந்த ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

பெட்டியோடு வந்த அந்தக் குட்டி அடாப்டரை நினைத்துப் பாருங்கள். லைட்னிங் துளை வழியாக ஒலி எண்களாகத்தான் வெளியே வருகிறது. ஹெட்போனுக்குத் தேவை ஏறி இறங்கும் மின் அலை. எண்ணை அலையாக மாற்றும் ஐசி அந்த அடாப்டருக்குள்தான் இருக்கிறது. ஆகவே வெறும் ஜாக்கை எடுத்து லைட்னிங் கம்பிகளில் பற்றவைத்தால் எதுவும் கேட்காது. அடாப்டரின் ஐசிக்கு இன்னொரு வேலையும் உண்டு. செருகியவுடன் போன் 'நீ யார்?' என்று கேட்கும். 'நான் ஒலி அடாப்டர்' என்று அது சரியான முறையில் பதில் சொல்ல வேண்டும். சொன்னால்தான் போன் ஒலியை அந்தப் பக்கம் திருப்பிவிடும்.

அந்த ஆளை ஐபோனின் மென்பொருளுக்கு நன்றாகத் தெரியும். டிரைவர் ஏற்கெனவே இருக்கிறது. எனவே அடாப்டரின் மேலுறையை உரித்துவிட்டு, உள்ளே இருக்கும் சர்க்யூட்டைப் போனுக்குள்ளேயே குடிவைத்துவிட்டால் போதும் என்று ஆலன் முடிவு செய்தார். இந்த யோசனையைப் படித்த அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது. பூட்டிய கதவை உடைக்கப் போகாமல், அந்த வீட்டுக்காரருக்குப் பழக்கமானவரை அனுப்பிக் கதவைத் திறக்கச் சொல்லும் வழி அது.

ஆனால் உடனே அடுத்த பிரச்சினை வந்தது. போனுக்குள் லைட்னிங் பாதை ஒன்றே ஒன்று. அது சார்ஜ் துளைக்குப் போகிறது. இப்போது அதே பாதைக்கு இரண்டு பேர் வந்துவிட்டார்கள்: வெளியே இருக்கும் துளை, உள்ளே குடியேறிய அடாப்டர். இருவரையும் ஒன்றாக இணைத்தால் 'நீ யார்' என்ற கேள்விக்கு இருவரும் பதில் சொல்லிப் போனைக் குழப்புவார்கள். முன்பு சொன்ன கதவிலக்கப் பிரச்சினை வேறு வடிவில் திரும்பி வந்துவிட்டது.

கூடுதல் ஐசிக்கு இங்கேதான் வேலை. ரயில் பாதையில் தண்டவாளத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றிவிடுவதைப் போல, மின்பாதையை மாற்றிவிடும் ஸ்விட்ச் ஐசி ஒன்றை நடுவில் வைத்தார். ஒரு நேரத்தில் பாதை ஒரு பக்கம்தான் போகும்: அடாப்டருக்கு, இல்லையென்றால் சார்ஜ் துளைக்கு. சார்ஜ் கேபிளைச் செருகினால் மறுபடி துளைக்கே போய்விடும். அதனால் சார்ஜ் போட்டுக்கொண்டே அந்த ஜாக்கில் பாட்டுக் கேட்க முடியாது. அந்தக் குறையோடுதான் அது வேலை செய்தது.

இந்த ஐசிகளை எல்லாம் சுமக்க ஒரு ஃபிளெக்ஸ் போர்டு தேவைப்பட்டது. தெருவில் கட்டும் பேனர் ஃபிளெக்ஸ் இல்லை இது. தாள் போல் மெல்லியதாக, வளைத்து மடக்கி இண்டு இடுக்கில் நுழைக்கக்கூடிய சர்க்யூட் போர்டு. ரிப்பேர் கடையில் ஸ்ட்ரிப் என்பார்கள். ஆலன் அதை வரைந்து, ஷென்சென் தொழிற்சாலையில் செய்து வாங்கி, மடக்கிப் பார்த்து, பொருந்தாமல் போய், திருத்தி வரைந்து, மறுபடி செய்து வாங்கினார். நாலு மாதத்தில் பெரும்பகுதி இப்படித்தான் போனது. கடைசியில் தன் சர்க்யூட் வரைபடங்களை எல்லோருக்கும் திறந்து வைத்தார். அடுத்தவர் அதே நாலு மாதத்தைச் செலவழிக்க வேண்டாம் என்ற அந்த மனசு எனக்கு மிகவும் பிடித்தது.

விலையும் கொடுக்கத்தான் வேண்டியிருந்தது. ஐபோன் 7 தண்ணீர் புகுவதைத் தாங்கும் தரம் பெற்றது: ஒரு மீட்டர் ஆழம், 30 நிமிடம். உடலில் புதிதாகத் துளை போட்ட பின் அந்த உறுதி இருக்காது.

சுவிட்சர்லாந்தில் ஒரு மாணவர்

நாலு வருடம் கழித்து, 2021இல், கென் பில்லனல் இதே தந்திரத்தை இன்னொரு திசையில் செய்தார். லோசானில் உள்ள இபிஎஃப்எல் தொழில்நுட்ப நிறுவனத்தில் ரோபாட்டிக்ஸ் படித்த மாணவர். ஐபோன் எக்ஸில் லைட்னிங் துளை இருந்த இடத்தில் யுஎஸ்பி-சி துளையை வைத்தார். உலகத்தில் முதல் யுஎஸ்பி-சி ஐபோன் அது. சார்ஜும் ஏறும், தகவலும் போகும்.

இதில் ஏன் ஐசி? இரண்டு துளைகளுக்கும் நடுவே கம்பிக்குக் கம்பி இணைத்தால் ஆகாதா என்று கேட்கத் தோன்றும். ஆகாது. 2012இல் ஐபோன் 5உடன் லைட்னிங் வந்தபோதே, கேபிளின் முனைக்குள் ஒரு ஐசியை வைத்துவிட்டார்கள். போன் கேட்கும் 'நீ யார்' என்ற கேள்விக்கு அது பதில் சொல்லாவிட்டால் போன் அந்தக் கேபிளை ஏற்காது. யுஎஸ்பி-சி பக்கமும் அப்படியே. சார்ஜர் கண்ணை மூடிக்கொண்டு மின்சாரத்தைக் கொட்டாது. எதிர்முனையில் ஒரு குறிப்பிட்ட மின்தடை, 5.1 கிலோஓம், தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் 5 வோல்ட் கொடுக்கும். அதற்கு மேல் வேண்டும் என்றால் இரு தரப்பும் பேசி முடிவு செய்ய வேண்டும். ஆக இரண்டு பக்கமும் இரண்டு வேறு மொழி.

இரண்டையும் அறிந்தவர் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார். யுஎஸ்பி-சியிலிருந்து லைட்னிங்குக்குப் போகும் கேபிளின் முனை. ஆப்பிள் அதை சி94 என்று அழைக்கிறது. அதன் உள் விவரங்களை ஆப்பிள் வெளியிடுவதில்லை. பில்லனல் அது எப்படி வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்த்து அறிந்துகொண்டு, அந்தச் சர்க்யூட்டை ஒரு ஃபிளெக்ஸ் போர்டில் சுருக்கி, போனுக்குள் அடக்கி, துளையையும் அகலப்படுத்தினார். ஐபோனைப் பொறுத்தவரை ஒரு கேபிள் எப்போதும் செருகியே இருக்கிறது. அந்தக் கேபிளின் மறுமுனைதான் நாம் பார்க்கும் யுஎஸ்பி-சி துளை.

அந்தப் போன் 2021 நவம்பரில் ஈபே ஏலத்தில் 86,001 டாலருக்குப் போனது. வாங்குபவருக்கு அவர் விதித்த நிபந்தனைகள் நம் பாடத்துக்கு உதவும். மென்பொருளை அப்டேட் செய்யக் கூடாது, அழித்து மீட்டமைக்கக் கூடாது, பிரிக்கக் கூடாது, அன்றாடப் போனாகப் பயன்படுத்தக் கூடாது. தெரிந்தவர் என்று நம்பித்தான் ஐபோன் உள்ளே விட்டிருக்கிறது. அடுத்த அப்டேட்டில் கேள்வி மாறினால் பழைய பதில் செல்லாமல் போகலாம்.

பிறகு ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் சட்டம் இயற்றி, 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்கும் போன்களுக்கு யுஎஸ்பி-சி கட்டாயம் என்றது. ஆப்பிள் 2023 செப்டம்பரிலேயே ஐபோன் 15இல் மாறிவிட்டது. ஸ்ரீபெரும்புதூரில் கூட்டப்பட்ட ஐபோன் 15களில் அந்தத் துளை பிறவியிலேயே இருந்தது.

கூட்டுவதும் மாற்றுவதும்

ஐசி வேலை என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது மெமரியைக் கூட்டுவது. 16 ஜிபி ஐபோனை 128 ஜிபி ஆக்கித் தருகிறோம் என்பார்கள். அதில் ஐசி கூடுவதில்லை. பழைய மெமரி ஐசியைக் கழற்றிவிட்டு அதே கால் அமைப்புள்ள பெரிய ஐசியை வைக்கிறார்கள். இடம், மின்சாரம், பேசும் முறை எல்லாம் ஏற்கெனவே தயார். ஆனால் அடையாளம் வேண்டும். அந்தப் போனின் வரிசை எண், வைஃபை முகவரி போன்றவை பழைய ஐசியில்தான் எழுதியிருக்கும். அதற்கென்று உள்ள புரோகிராமர் கருவியில் வைத்து அவற்றைப் படித்து, புது ஐசியில் எழுதி, பிறகுதான் பற்றவைப்பார்கள். அப்புறம் கணினியில் இணைத்து மென்பொருளைப் புதிதாக ஏற்ற வேண்டும். படங்களை முன்பே வேறு இடத்தில் எடுத்து வைத்திருக்க வேண்டும். பழைய ஐசியை இன்னொரு போனில் வைத்துப் படங்களை மீட்கலாம் என்று நினைக்க வேண்டாம். அதில் உள்ளவை பூட்டி எழுதப்பட்டவை. சாவி அந்தப் போனின் பிராசசருக்குள் பதிந்திருக்கிறது.

அடையாளம் என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு போனுக்கும் தனி அடையாளமான ஐஎம்இஐ எண்ணை மாற்றுவது இந்தியாவில் குற்றம், சிறைத் தண்டனை உண்டு. அதில் கை வைக்கச் சொல்லி யார் கேட்டாலும் செய்யாதீர்கள்.

பற்றவைக்கும் கலை

சரி, இப்போது சால்டரிங்குக்கு வருவோம். இதுவரை அதைத் தள்ளிவைத்ததற்குக் காரணம் இருக்கிறது. பேச்சுவார்த்தை முடியாமல் அயர்னைச் சூடாக்கினால் போன்தான் போகும்.

ரேடியோ ரிப்பேரில் பார்த்த சால்டரிங்குக்கும் இதற்கும் நிறைய வித்தியாசம். பழைய ஐசிகளுக்குக் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அயர்ன் முனையால் ஒவ்வொன்றாகத் தொடலாம். போனில் உள்ள பெரிய ஐசிகளுக்கு வெளியே காலே இருக்காது. வயிற்றுப் பக்கத்தில் வரிசை வரிசையாக ஈயக் குண்டுகள். அடுத்தடுத்த குண்டுகளுக்கு நடுவே அரை மில்லிமீட்டர் கூட இருக்காது. அயர்ன் முனை அங்கே போகாது. அதனால் சூடான காற்றை ஊதும் ப்ளோயரால் முழு ஐசியையும் ஒரே நேரத்தில் சூடாக்குவார்கள்.

குண்டு என்றேன், ஈயம் என்றேன். உண்மையில் இப்போது அதில் ஈயம் கிடையாது. 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பாவில் மின்னணுப் பொருள்களில் ஈயத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. உலகம் முழுக்கத் தொழிற்சாலைகள் அதையொட்டி மாறிவிட்டன. வெள்ளீயத்தோடு கொஞ்சம் வெள்ளியும் செம்பும் கலந்தது இன்றைய பற்றாசு, அதாவது சால்டர். 217 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் உருகும். பழைய ஈயக் கலவை 183லேயே உருகிவிடும். பிஸ்மத் கலந்த ஒன்று 138லேயே உருகும். அனுபவசாலிகள் கழற்றுவதற்கு முன் இந்தத் தாழ்வெப்பப் பற்றாசைப் பழையதோடு கலந்துவிடுவார்கள். உருகுநிலை இறங்கும், போர்டுக்குச் சூடு குறையும்.

காற்றின் சூட்டை 350 டிகிரி போல வைக்கிறார்களே, 217க்கு எதற்கு 350 என்று தோன்றலாம். போன் போர்டு ஒரே தகடு இல்லை. உள்ளே பல அடுக்குச் செம்பு. செம்பு சூட்டை நாலா பக்கமும் இழுத்துக்கொண்டு போய்விடும். நாம் கொடுப்பதில் ஒரு பகுதிதான் குண்டு வரை போய்ச் சேரும். அந்தச் சூடு பக்கத்து ஐசிகளுக்கும் போகும் என்பதால், தொடக் கூடாத இடங்களை சூடு தாங்கும் மஞ்சள் டேப்பால் மூடிக்கொள்வார்கள்.

ஃபிளக்ஸ், கடை மொழியில் பேஸ்ட், இல்லாமல் எதுவும் நடக்காது. உலோகத்தின் மேல் படிந்த ஆக்சைடு படலத்தை அது கரைத்துவிடும். படலம் போனால்தான் உருகிய பற்றாசு உலோகத்தோடு ஒட்டும். பேஸ்டைத் தாராளமாகப் போடுங்கள், சூட்டைச் சிக்கனமாகக் கொடுங்கள் என்பது தொடங்குபவர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடம்.

அப்புறம் ஓர் அழகான தருணம் உண்டு. சூடு சரியான அளவை எட்டும்போது, கொஞ்சம் கோணலாக வைத்த ஐசி தானாக அசைந்து தன் இடத்தில் போய் உட்காரும். உருகிய ஒவ்வொரு குண்டும் தன் பரப்பைச் சுருக்கிக்கொள்ளப் பார்க்கிறது. நூறு குண்டுகள் சேர்ந்து இழுக்கும்போது ஐசி நேராகிவிடுகிறது. இடுக்கியால் மெல்ல ஒரு தட்டுத் தட்டினால் மிதந்து விலகித் திரும்ப வரும். முதல் முறை மைக்ரோஸ்கோப்பில் இதைப் பார்த்தபோது காற்றை நிறுத்த மனமில்லாமல் இருந்தேன்.

அந்த அசைவு வருவதற்கு முன்பே இழுத்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். ஒரு பழைய போர்டில் பொறுமை இல்லாமல் ஐசியைத் தூக்கினேன். ஐசியோடு அடியில் இருந்த செம்புப் பொட்டுகளும் பிய்ந்து வந்துவிட்டன. அவற்றிலிருந்து கிளம்பும் ட்ராக்குகள், அதாவது செம்புக் கோடுகள், போர்டுக்குள் மறைந்திருப்பவை. அவற்றை மீட்க ஜம்பர் அடிக்க வேண்டும்: தலைமுடி அளவுக்கு மெல்லிய, மேல் பூச்சு உள்ள செம்புக் கம்பியின் நுனியைச் சுரண்டி, ட்ராக்கின் மிச்சத்தில் பற்றவைத்து, மேலே பச்சைப் பசையைத் தடவி, புற ஊதா விளக்கில் காட்டி உறையவைக்க வேண்டும். புதிதாக ஐசி வைப்பவர்களும் போர்டோடு இணைப்பது இதே ஜம்பரால்தான். ஐசியைக் கழற்றிப் பழகுவதற்கு முன் ஜம்பர் அடித்துப் பழகுங்கள்.

பழகுவதற்கு உங்கள் கைப்போனை எடுக்காதீர்கள். ரிப்பேர் கடைகளில் செத்த போர்டுகள் சல்லிசாகக் கிடைக்கும். கருவிகளுக்குச் சென்னைக்காரர்கள் ரிச்சி தெருவுக்குப் போவார்கள். ஓடுகிற போனைத் திறப்பதானால், எல்லாவற்றுக்கும் முன் பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். லித்தியம் பேட்டரியில் கூர்மையான எதுவும் குத்தக் கூடாது, ப்ளோயர் காற்று அதன் மேல் படவே கூடாது. தீப்பிடித்தால் ஊதி அணைக்க முடியாது.

பற்றவைத்து முடித்ததும் உடனே பேட்டரியை மாட்டத் தோன்றும். மாட்டாதீர்கள். மல்டிமீட்டரை எடுத்து, புது ஐசியின் மின்வழிக்கும் கிரவுண்டுக்கும் நடுவே மின்தடையைப் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் எங்கோ இரண்டு குண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஷார்ட். இல்லை என்றால், பேட்டரிக்குப் பதிலாக மின்னோட்டத்துக்கு வரம்பு வைக்கக்கூடிய பவர் சப்ளையை இணையுங்கள். 4 வோல்ட் போதும். பவர் பட்டனை அழுத்தும் முன்பே மின்னோட்டத்தைக் காட்டும் முள் ஏறினால் கையை எடுத்துவிடுங்கள். அழுத்தியதும் முள் கொஞ்சம் ஏறி, நின்று, இறங்கி, திரும்ப ஏறி ஆடத் தொடங்கினால், பிராசசர் ஒவ்வொரு ஐசியாகக் கூப்பிட்டு எழுப்பிக்கொண்டிருக்கிறது.